முதலில் ஆய்வக நாட்களை எண்ணுங்கள்: அறிவியல் துறைகளுக்கான கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகள் இரண்டு பொருளைச் சுற்றியே இருக்கின்றன: ஆய்வுப் பட்டத்துக்கு என்ன நிபந்தனை வைப்பது, தொலைநிலைக் கல்வியில் அறிவியலை எப்படி நடத்துவது. துறைத் தலைவர்களும் மாணவர்களும் கலந்தே கேட்டிருப்பதால் பதில்களையும் கலந்தே தருகிறேன்.

கேள்வி: எங்கள் பல்கலைக்கழக இயற்பியல் துறை தொலைநிலை வழி எம்.எஸ்ஸி. தொடங்கத் திட்டமிடுகிறது. 120 இடங்கள் வைக்கலாம் என்கிறது நிர்வாகம். திட்டமிடலை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஆய்வகத்திலிருந்து. பாடத்திட்டம், கட்டணம், விளம்பரம் எல்லாம் பிறகு.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு செய்முறை கிரெடிட் என்பது வாரத்துக்கு 2 மணி நேரமாக 15 வாரம், அதாவது 30 மணி நேரம். இரண்டு ஆண்டுகளில் 8 செய்முறை கிரெடிட் வைத்தால் ஒரு மாணவருக்கு 240 மணி நேரம். நாளைக்கு 6 மணி நேரம் என்றால் 40 நாட்கள். ஓர் ஆசிரியர் உண்மையாகக் கவனிக்கக்கூடிய குழு 20 பேர். 120 பேர் என்றால் ஆறு குழுக்கள். முதலாண்டும் இரண்டாமாண்டும் சேர்ந்து ஓடத் தொடங்கியதும் ஆண்டுக்கு 240 ஆய்வக நாட்கள் தேவைப்படும். வார நாட்களில் உங்கள் முழுநேர மாணவர்கள் அங்கே இருப்பார்கள். பண்டிகைகளைக் கழித்தால் சனி, ஞாயிறில் 90 நாள் தேறலாம். கோடை விடுமுறையில் இன்னொரு 40. மொத்தம் 130. அதில் மூன்று குழுக்கள்தான் அடங்கும். ஆக உங்கள் துறைக்கு 60 இடங்கள். மிச்சமுள்ள பத்து நாளும் தேர்வுக்கும் பழுது பார்ப்பதற்கும் போய்விடும். 120 தான் வேண்டும் என்று நிர்வாகம் சொன்னால், இரண்டாவது ஆய்வகமும் அதற்கான ஆசிரியர்களும் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இளம் ஆசிரியராக இருந்தபோது ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலை மாணவர்களுக்கான நேர்முக வகுப்புக்குச் செய்முறை நடத்தப் போனேன். நான்கு நிறமாலைமானிகள், எழுபது மாணவர்கள். ஒவ்வொரு கருவியிலும் ஒருவர் அளவெடுக்க, சுற்றி நின்றவர்கள் எண்களைக் குறித்துக்கொண்டார்கள். இரவு பஸ்ஸில் வந்திருந்த ஒரு பள்ளி ஆசிரியை நாள் முழுதும் பின்வரிசையில் நின்றிருந்தார். மாலை ஐந்து மணிக்கு என்னிடம் வந்து, "ஒரு தடவை நானே பார்த்துக்கொள்ளட்டுமா சார்?" என்று கேட்டார். சோடியம் விளக்கை அதற்குள் அணைத்துவிட்டார்கள். மறுபடி ஏற்றினால் அது சிவந்து, சூடேறி, முழு மஞ்சளுக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். காவலர் சாவியோடு வாசலில் நின்றார். அந்தச் சில நிமிடங்களை நான் அவருக்குக் கேட்டு வாங்கித் தரவில்லை. அவருடைய ரெக்கார்டு நோட்டில் எல்லா அளவீடுகளும் இருந்தன. ஒன்றுகூட அவர் எடுத்ததல்ல. நான் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து இன்றும் என்னை உறுத்துகிறது.

அனுமதி விதிகளையும் பார்த்துவிடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் 4க்கு 3.01 புள்ளியாவது இருக்க வேண்டும், அல்லது தேசியத் தரவரிசையில் பல்கலைக்கழகப் பிரிவின் முதல் 100 இடங்களுக்குள் வந்திருக்க வேண்டும். கற்றல் மையங்களைத் தனியாருக்குக் குத்தகைபோல் விடுவதற்கு இடமில்லை.

கேள்வி: வேலையில் இருக்கிறேன். தொலைநிலைக் கல்வியில் பிஎச்.டி. செய்ய முடியுமா?

பதில்: முடியாது. பிஎச்.டி.யைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று மானியக் குழுவின் 2022 விதிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன. யாராவது தருவதாகச் சொன்னால் பணம் கட்டாதீர்கள். பகுதிநேர பிஎச்.டி. வேறு, அது அனுமதிக்கப்பட்டது. பணியிடத்திலிருந்து தடையின்மைச் சான்று வாங்க வேண்டும், ஆய்வுக்கு நேரம் ஒதுக்க அனுமதி உண்டு என்பது அதில் இருக்க வேண்டும். எம்.பில். பட்டத்தை இனி எந்தக் கல்வி நிறுவனமும் வழங்கக் கூடாது என்றும் அதே விதிமுறைகள் சொல்கின்றன.

கேள்வி: ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் இரண்டு கட்டுரைகள் வெளியாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் துறையில் தொடரலாமா, கைவிடலாமா? கூட்டத்தில் கருத்து இரண்டாகப் பிரிந்துவிட்டது.

பதில்: கைவிடுங்கள் என்பேன். 2016 விதிமுறைகள் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு கருத்தரங்க உரைகளும் கேட்டன. 2022 விதிமுறைகள் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. தாமாக வைத்துக்கொள்வதைப் பல்கலைக்கழகங்களின் முடிவுக்கு விட்டிருக்கிறார்கள். வைத்துக்கொண்டால் என்ன நடக்கிறது என்பதை நாம் எல்லோரும் பார்த்துவிட்டோம். ஐந்தாம் ஆண்டில் உதவித்தொகை நின்றுபோன மாணவர், பணம் கட்டினால் பத்து நாளில் வெளியிடும் இதழைத் தேடிப் போகிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அந்த வாசலை அவருக்குத் திறந்துவிட்டது நாம் வைத்த நிபந்தனை.

கட்டுரையை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறொன்று நிற்க வேண்டும். இல்லாவிட்டால் "தரம் போய்விட்டது" என்று சொல்பவர்கள் சொல்வது உண்மையாகிவிடும். நான் பரிந்துரைப்பது இதுதான். சமர்ப்பிப்பதற்கு ஆறு மாதம் முன்பு, மாணவரின் ஆய்வகக் குறிப்பேட்டை மட்டும் இன்னொரு மாணவரிடம் கொடுங்கள். ஆய்வேட்டின் முக்கியமான ஓர் அளவீட்டை அவர் அதை வைத்தே மறுபடி எடுத்துப் பார்க்கட்டும். மாதிரியை எத்தனை டிகிரியில், எத்தனை மணி நேரம் சூடேற்றினார், வெப்பநிலையை அளக்கும் வெப்ப மின்னிரட்டையை எங்கே பொருத்தினார், எந்த நாளில் மின்வெட்டு வந்து ஓட்டம் பாதியில் நின்றது, எல்லாம் அந்தப் பக்கங்களில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆய்வு இன்னும் முடியவில்லை. இதற்குச் செலவு கிடையாது. எந்த இதழாசிரியருக்காகவும் மாணவர் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாணவர் தம் பணியை விளக்க வேண்டும் என்பது ஏற்கெனவே விதி. பல துறைகளில் அது தேநீரோடு இருபது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கேள்வி கேளுங்கள். நல்ல ஆய்வு நடந்தால் கட்டுரை தானே வரும்.

கேள்வி: பிஎச்.டி. மாணவர் முதலில் படித்து முடிக்க வேண்டிய முன்பாடப் பணிக்கு 12 கிரெடிட் போதுமா?

பதில்: போதும். விதி குறைந்தது 12 என்கிறது. ஆய்வு நெறிமுறைப் பாடம் அதில் கட்டாயம். மீதியில் ஒரு பாடமாவது அளவீட்டுப் பிழைகளையும் புள்ளியியலையும் பற்றியதாக இருக்கட்டும். நெறியாளரின் சொந்தத் துறையையே மூன்று தலைப்பில் திரும்பப் படிக்க வைப்பது வீண்.

கேள்வி: கணினியில் மெய்நிகர் ஆய்வகம் இருக்கும்போது வேதியியல் மாணவர்கள் நேரில் வந்தே ஆக வேண்டுமா?

பதில்: வந்தே ஆக வேண்டும். மத்தியக் கல்வி அமைச்சின் மெய்நிகர் ஆய்வகத் திட்டத்தில் நல்ல சோதனைகள் இருக்கின்றன. நேரில் வருவதற்கு முன் மாணவர் பழகிக்கொள்ள அவை மிகவும் உதவும். ஆனால் திரையில் உள்ள பியூரெட்டில் காற்றுக்குமிழி வராது. நிஜ பியூரெட்டின் அடைப்புக்குக் கீழே, நுனியில் ஒரு குமிழி ஒட்டிக்கொண்டிருக்கும். கவனிக்காமல் தரம்பார்த்தலை (டைட்ரேஷன்) தொடங்கினால் பாதியில் அது வெளியேறும். அந்த இடத்தைத் திரவம் நிரப்பும். குடுவைக்குள் விழாத திரவமும் உங்கள் கணக்கில் ஏறிவிடும். இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாம் முறை தொடங்குமுன் நுனியைப் பார்ப்பார். அந்தப் பார்வையைத்தான் நாம் பட்டமாகக் கொடுக்கிறோம்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை இல்லாமல் இல்லை. 1971 இல் முதல் மாணவர்களைச் சேர்த்த பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அறிவியல் மாணவர்களுக்குச் சோதனைப் பெட்டியை வீட்டுக்கே அனுப்பியது. சிறிய பிளாஸ்டிக் நுண்ணோக்கிகூட அதில் இருந்தது. அதோடு நிற்காமல் கோடையில் ஒரு வாரம் ஆய்வகத்துக்கும் அழைத்தது. அந்த இரண்டாம் பாதியை நாம் மறந்துவிடக் கூடாது. இயற்பியலுக்கு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம் (டெல்லி) உருவாக்கிய எக்ஸ்பைஸ் கருவி இருக்கிறது. உள்ளங்கை அளவுதான், கணினியில் செருகினால் மின்னலைகளைத் திரையில் காட்டும் அலைக்காட்டியாக வேலை செய்கிறது. மின்சுற்றுச் சோதனைகளில் பாதியை இதைக் கொண்டு வீட்டில் செய்யவைத்து, நேரில் வரும் நாட்களை ஒளியியலுக்கும் வெற்றிடக் கருவிகளுக்கும் மிச்சப்படுத்தலாம்.

கேள்வி: தொலைநிலையில் எம்.எஸ்ஸி. கணிதம் முடித்தால் கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வு எழுதலாமா? அரசு வேலைக்குச் செல்லுமா?

பதில்: அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகம் அனுமதி பெற்று நடத்திய படிப்பு என்றால் அது நேரடிப் பட்டத்துக்கு இணையானது, 2020 விதிமுறைகளே இதைச் சொல்கின்றன. நெட் எழுதலாம். ஆனால் சேருவதற்கு முன் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது. நீங்கள் சேரும் ஆண்டுக்கு, நீங்கள் சேரும் படிப்புக்கு அனுமதி இருக்க வேண்டும். சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய ஒப்புதல் இல்லாமல் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்களை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. தவறு செய்தவை நிறுவனங்கள். தவித்தவர்கள் அந்தப் பட்டத்தோடு வேலையில் இருந்தவர்கள்.

கேள்வி: தொலைநிலை மாணவர்களுக்கான பாடநூலைத் தமிழில் தயாரிக்கிறோம். கலைச்சொல்லகராதியை வைத்து மொழிபெயர்த்தால் போதுமா?

பதில்: போதாது. வகுப்பில் மாணவரின் முகம் சுருங்கினால் நாம் நின்று வேறு விதமாகச் சொல்கிறோம். தனியாகப் படிப்பவருக்கு அந்த வசதி இல்லை. "நகரும் நுண்ணோக்கியின் திருகை ஒரே திசையில் நகர்த்துக" என்று மட்டும் எழுதினால் அவர் அதை மனப்பாடம் செய்வார். திசை மாற்றித் திருப்பும்போது மரைகளுக்கு நடுவே உள்ள சிறு இடைவெளியைத் திருகு கடக்கிறது, அதுவரை திருகின் தலை சுழலும், நுண்ணோக்கி நகராது என்று இரண்டு வரி சேர்த்தால் அவருக்குப் புரிந்துவிடும்.

கையெழுத்துப்படி முடிந்ததும் பகலில் வேலைக்குப் போய் இரவில் படிக்கும் ஒரு பட்டதாரியிடம் ஓர் அலகைக் கொடுங்கள். கூட யாரும் இருக்க வேண்டாம். எங்கே நின்று மறுபடி முதலிலிருந்து படித்தாரோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அந்தக் கோடு விழுந்த இடங்களையெல்லாம் திருப்பி எழுதிய பிறகு அச்சுக்கு அனுப்புங்கள்.