நீர்க்கடுப்பும் கணவரின் பண்ணை வேலையும்

கேள்வி: டாக்டர், பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். கணவருக்குப் பன்றிப் பண்ணையில் கொட்டகை கழுவும் வேலை. எனக்கு இரண்டு மாதத்தில் மூன்றாவது முறையாக நீர்க்கடுப்பு. சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் ஈ.கோலை என்று வந்திருக்கிறது. பல மருந்துகளுக்கு எதிரே 'ஆர்' போட்டிருக்கிறது. என் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதா? நாங்கள் பன்றி இறைச்சி தொடுவதே இல்லையே!

பதில்: மருந்துக்குப் பழகியது ஈ.கோலை என்ற அந்தக் குடல் கிருமி, உங்கள் உடம்பு அல்ல. 'ஆர்' போட்ட மருந்துக்கு அந்தக் கிருமி அடங்காது. 'எஸ்' போட்டதற்கு அடங்கும். அந்த ரிப்போர்ட்டை மறக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். கணவரின் வேலையையும் சொல்லுங்கள்.

பண்ணையில் பன்றிகள் நெருக்கமாக வளர்கின்றன. நாலைந்துக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கொட்டகை முழுக்கவே தீவனத்தில் மருந்து கலப்பார்கள். சீக்கிரம் எடை கூடுவதற்கென்றே கலந்ததும் உண்டு. மருந்து படப்பட, பன்றியின் குடலில் மருந்துக்கு அடங்கும் கிருமிகள் சாகும், அடங்காதவை பெருகும். அதோடு விடுவதில்லை. பிளாஸ்மிட் என்ற சின்ன மரபணு வளையத்தில் அந்த எதிர்ப்பைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடும். வேறு எதுவும் கேட்காதபோது நாங்கள் எடுக்கும் கொலிஸ்டினுக்கே இப்படிக் கைமாறும் எதிர்ப்பு இருப்பது 2015இல் வெளிவந்தது, சீனாவில் ஒரு பன்றியிடம் எடுத்த ஈ.கோலையிலிருந்து. மலேசியாவில் 2019 முதல் தீவனத்தில் கொலிஸ்டினுக்குத் தடை.

சரி, உங்களுக்கு வந்தது அந்தப் பண்ணைக் கிருமிதானா? அடித்துச் சொல்ல முடியாது. கோழியிடமிருந்தும் வரலாம், ஆஸ்பத்திரியிலிருந்தும் வரலாம். நீங்கள் முன்பு சாப்பிட்ட ஆண்டிபயாடிக்கும் காரணமாகலாம். (மைலோ டின்னில் மிச்ச மாத்திரை வைத்திருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் இருந்தால் தொடாதீர்கள்.) ஆனால் இறைச்சி சாப்பிடாததால் மட்டும் தப்பிவிட முடியாது. நன்றாக வெந்த இறைச்சியில் கிருமி செத்துவிடும். கழுவாத கையில் சாகாது. ரப்பர் பூட்ஸின் அடிப்பள்ளத்தில் அப்பிய கழிவைக் குச்சியால் நோண்டிவிட்டு, அதே கையால் கணவர் குழாயைத் திறப்பார். அடுத்து அந்தக் குழாயைத் தொடுவது நீங்கள். கையிலிருந்து வாய் வழியாகக் குடலுக்குப் போகும் கிருமி, பிறகு மலவாய்ப் பக்கத்திலிருந்து சிறுநீர்ப் பாதைக்கு ஏறிவிடும். அவர் குடலில் அது இருந்தாலும் பொதுவாக அவருக்கு ஒன்றும் செய்யாது. அதற்காக அவருக்கு மாத்திரை தேவையில்லை.

பூட்ஸும் வேலைத் துணியும் வாசலுக்கு வெளியே இருக்கட்டும், துணியைத் தனியாகத் துவையுங்கள். உள்ளே வருமுன் அவர் நகக்கண் வரை சோப்பு போட்டுக் கழுவட்டும். நீங்கள் கழிவறையில் முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவின் பின்பக்கம் வலி, வாந்தி, இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பமாக இருந்தால், கடுப்பு மட்டும் என்றாலும் அன்றே போய்விடுங்கள்.