கயிறு தின்ற பெயின்ட்: கேள்வி பதில்

காரைக்குடியில் வீட்டுப் பெயின்ட்டிங். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் தொண்டி, ஜெகதாப்பட்டினம் பக்கம் படகுப் பெயின்ட்டிங். இதுதான் என் பிழைப்பு. கட்டுக்கயிறு உரசிப் படகின் பெயின்ட் போவதைப் பற்றிக் கேட்கலாம் என்றேன். வந்தவற்றில் முடிந்ததற்குப் பதில் சொல்கிறேன்.

போன ஜூனில் பைபர் படகுக்கு இரண்டு கோட் அடித்தோம். தீபாவளிக்குள் அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், கயிறு பட்ட இடம் வெள்ளையாக வழித்துவிட்டது. நல்ல பெயின்ட் எது?

பெயின்ட்டை விடுங்கள் அண்ணே. கயிற்றைக் கையில் எடுத்து முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். மணலும் உப்புப் பரலும் உதிரும். காய்ந்த உப்போடு கிடக்கும் கயிறு உப்புத்தாள்தான். அலை தூக்கி இறக்குகிற ஒவ்வொரு தடவையும் ஒரு இழுப்பு, ராத்திரி முழுக்க. எந்தப் பெயின்ட் தாங்கும்? வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள்.

அப்புறம், கயிறு எங்கே மடங்குகிறது என்று பாருங்கள். படகில் கயிறு கட்டும் கட்டையிலிருந்து கிளம்பி விளிம்பில் மடங்கிக் கீழே இறங்கினால் அந்த முனைதான் அடி வாங்கும். அங்கே எஸ்.எஸ். (ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல்) பட்டை அடியுங்கள். 316 ரகம் என்று கேட்டு வாங்குங்கள். 304 கடல் காற்றில் செம்புள்ளி போடும். திருகுத் துளையில் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் வைக்காமல் முறுக்கினால், பைபருக்குள் இருக்கும் மரம் ஊறி உளுத்துவிடும். பட்டை அடிக்க வசதி இல்லையா, பழைய கித்தானைக் கயிற்றைச் சுற்றி உறையாகத் தைத்து, இரண்டு முனையையும் கயிற்றோடு சேர்த்துக் கட்டுங்கள். ஒரு முழமாவது நீளம் இருக்கட்டும். கயிறு நீண்டு சுருங்கும்போது உரசும் இடம் நகரும்.

தோட்டத்து ஹோஸ் பைப்பை நறுக்கி மாட்டினால் போதாதா?

சாதாரண நாளில் போதும். புயல் நேரத்தில் வேண்டாம். நைலான் இழுபட்டு இழுபட்டு உள்ளுக்குள்ளேயே சூடாகும். பிளாஸ்டிக் குழாய் அந்தச் சூட்டை வெளியே விடாது, மழைத் தண்ணீரையும் உள்ளே விடாது. கயிறு இளகி அறுந்துவிடும். கித்தான் நனையும், அதனால் கயிறு குளிரும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது இந்தக் கரை பட்ட பாடு தெரியுமல்லவா?

நைலான் கயிறுதான் கட்டுகிறேன், அதுவும் முள்முள்ளாகிக் கீறுகிறதே?

அது நைலான்தானா? ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் நைலான் இல்லை. கடையில் நைலான் என்று கொடுக்கும் நீலக் கயிறு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். வெயில் பட்டால் மயிர்மயிராகப் பிரிந்து பெயின்ட்டைச் சுரண்டும். மாற்றுங்கள். மாற்றியதையும் அலசுங்கள்.

எந்தக் கம்பெனி பெயின்ட்?

மேலே சொன்னதைப் படியுங்கள்.

மோதாமல் இருக்கப் படகின் பக்கவாட்டில் டயர் கட்டினால் கறுப்புக் கறை விழுகிறது.

டயருக்குச் சாக்கு சுற்றுங்கள்.

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுச் சுவர் முட்டை வெள்ளைக்கரு பூசி நூறு வருடமாகக் கண்ணாடி மாதிரி இருக்கிறது. படகுக்குப் பூசலாமா?

ஆச்சி, அந்தச் சுவரை நானும் தடவிப் பார்த்து ஏங்கியவன். ஆனால் பளபளப்பு முட்டையால் மட்டும் வந்ததில்லை. நன்றாக ஊறிய சுண்ணாம்பை வெண்ணெய் போல அரைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்து, கோட் மேல் கோட் இழுத்து, கடைசியில் கல்லால் தேய்த்தார்கள். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கி மறுபடி கல்லாகிறது. கல் வளையாது. படகு ஒவ்வொரு அலைக்கும் வளையும். ஒரே நாளில் பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும்.

(ஆத்தங்குடிக் கொத்தனார் ஒருவர்:) சுண்ணாம்பைக் குறைத்துப் பேசாதீர்கள். 1620இல் கட்டிய தரங்கம்பாடிக் கோட்டை கடலோரத்தில்தானே நிற்கிறது?

நிற்கிறது. நிற்பதுதான் கோட்டையின் வேலை. ஆடுகிற கோட்டை எங்காவது உண்டா?

(அவரே:) அந்தக் காலத்தில் மரக்கலத்துக்கே சுண்ணாம்பு பூசினார்களே!

சரி, இதை ஒத்துக்கொள்கிறேன், நல்ல பாயின்ட். பூசினார்கள், ஆனால் எண்ணெயில் குழைத்து. எண்ணெய்தான் அதற்கு நெகிழ்வு கொடுத்தது. அதுவும் தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பாகத்தில், மரத்தைத் துளைக்கும் புழுவுக்காக. கயிறு உரசுவது மேல்விளிம்பில். அங்கே அது ஒரு வாரம் நிற்காது.

நாட்டுக்கோழி முட்டை என்றால்?

குழம்பு வையுங்கள்.

எந்தக் கம்பெனி பெயின்ட் நல்லது அண்ணே?

கயிற்றை அலசுங்கள் தம்பி.

உரசிப்போன இடத்தை மட்டும் சரிசெய்ய முடியுமா?

முடியும். முதலில் நல்ல தண்ணீரில் கழுவி உப்பை எடுங்கள். உப்பின் மேல் அடித்தால் கொப்புளம் வரும். ஓரங்களை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து, எபாக்சி பிரைமர், அதன்மேல் டூ-பேக் பாலியூரித்தேன், அதாவது இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பெயின்ட். அதை இறுகவைக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும். முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு ஸ்பிரே அடிக்காதீர்கள். சிறிய இடம்தானே, பிரஷ் போதும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் முழுதாக இறுக ஒரு வாரம் ஆகும். அதுவரை கயிற்றை மறுபக்கம் கட்டுங்கள்.