பெற்றோல் கான் யார் கையில்?

அன்புள்ள அண்ணா,

நான் உப்புவெளிப் பக்கம். விண்ட்சர்ஃபிங் (பாய் கட்டிய பலகையில் நின்று காற்றில் ஓடும் கடல் விளையாட்டு) பழக்கும் சின்னச் சங்கம் ஒன்றில் இருக்கிறேன். சந்தா கட்டுவோர் முப்பது பேர்கூட இல்லை, சண்டை மட்டும் முன்னூறு பேருக்குப் போதும். பன்னிரண்டு வருடமாக ஒருவரே செயலாளர். கணக்கு, ஸ்டோர் சாவி, வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்து எல்லாம் அவரிடம். எதைக் கேட்டாலும் "சம்பளமா வாங்குறன்? நீங்க வந்து செய்யுங்கோவன்" என்கிறார். கோரம் (கூட்டத்துக்கு வரவேண்டிய குறைந்த ஆள் எண்ணிக்கை) இல்லையென்று பொதுக்கூட்டம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. விளையாட்டு அமைச்சுக்குப் பெட்டிசம் போடுவோம் என்கிறார்கள் சில பெடியள். என்னைச் செயலாளருக்கு நிற்கச் சொல்கிறார்கள். ஒரு சதமும் கிடைக்காத கதிரைக்கு ஏன் இவ்வளவு அடிபிடி? நான் நிற்கலாமா?

(பெயர் வேண்டாம்), திருகோணமலை

அன்புள்ள தம்பி,

ஒரு சதமும் கிடைக்காததால்தான் அடிபிடி. சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு மாத முடிவில் கணக்குத் தீர்ந்துவிடும். சும்மா செய்பவருக்கு அது தீர்வதேயில்லை. சங்கம் தனக்குக் கடன்பட்டிருக்கிறது என்ற நினைப்பு வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும். அப்படிப்பட்டவரிடம் போய் "ரசீது எங்கே?" என்றால், கள்ளன் என்று சொன்னதாகவே அவர் காதில் விழும். அதற்காகக் கேட்காமல் இருக்கச் சொல்லவில்லை. சந்தா கட்டியவன் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் உங்கள் சங்கத்தின் பலம் கதிரையில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) தொடங்கினால் நம்முடைய கரையில் காற்று தரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். விழுந்த பாயை நிமிர்த்தத் தெரியாத பிள்ளை ஒன்று பலகையில் இருந்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளியே போய்விடும். அதைப் போய்க் கூட்டிவர ஒரு பைபர் படகு எஞ்சினோடு நிற்க வேண்டும். முதல்நாள் இரவே மீன்பிடிக்கிற ஒருவரிடம் படகு கேட்டு வைக்க வேண்டும், விடியப் பெற்றோல் அடிக்க வேண்டும், உயிர்காப்பு அங்கிகளின் வார் அறுந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். இதையெல்லாம் செய்கிறவர் அந்தச் செயலாளர்தானே? தலைவராக யார் வந்தாலும், "இண்டைக்கு எனக்கு ஏலாது" என்று அவர் சொன்னால் அன்றைக்குப் பயிற்சி இல்லை. இந்த அதிகாரத்தை வாக்குப் போட்டுப் பறிக்க முடியாது. வேலையைப் பிரித்தால் தானாகப் பிரியும்.

இது சின்னச் சங்கத்து வியாதி மட்டுமல்ல. பாய்ப்படகு விளையாட்டின் உலக சம்மேளனம் 2012 மே மாதம் இத்தாலியின் ஸ்ட்ரேசாவில் கூடி, ரியோ ஒலிம்பிக்கில் விண்ட்சர்ஃபிங்கைத் தூக்கிவிட்டு கைட்போர்டிங்கை (பெரிய பட்டம் பலகையை இழுத்துப் போகும் விளையாட்டு) சேர்க்க முடிவெடுத்தது. 19க்கு 17, இரண்டு பேர் வாக்களிக்கவில்லை. குழப்பத்தில் மாறி வாக்களித்துவிட்டோம் என்று பிறகு ஸ்பெயின் தரப்பிலிருந்தே பேச்சு வந்தது! விண்ட்சர்ஃபிங்காரர் சும்மா இருக்கவில்லை. நாடு நாடாகத் தங்கள் சங்கங்களைப் பிடித்து உலுக்கினார்கள். அதே வருடம் நவம்பரில் அயர்லாந்தில் கூடிய பொதுச்சபை முடிவைத் திருப்பிப் போட்டது. ஒலிம்பிக் கனவோடு ஆறு மாதம் இருந்த கைட்காரர் 2024 வரை காத்திருந்தார்கள். அந்த வருடப் பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்செய் கடலில் இரண்டு விளையாட்டும் நடந்தன. ஒரு கூட்டத்தில் கையைக் கவனமில்லாமல் தூக்கினால் யாரோ ஒருவருடைய பல வருடம் போய்விடும் என்பதற்காகவே இதைச் சொன்னேன். கோரம் இல்லையென்று கூட்டத்தைத் தள்ளுவதும் கிட்டத்தட்ட அதே விளையாட்டுத்தான்.

பெட்டிசம் வேண்டாம். 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் அமைச்சருக்கு நிறைய அதிகாரம் கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் வெளியார் தலையீடு என்று 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்ட அமைப்பான ஃபிஃபா நம் உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. அதே வருடம் நவம்பரில் அரசாங்கத் தலையீட்டுக்காகக் கிரிக்கெட்டும் உலக கிரிக்கெட் அமைப்பான ஐசிசியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. உங்கள் முப்பது பேரை எவரும் இடைநிறுத்தப் போவதில்லை. ஆனால் பெட்டிசம் போனால் அதோடு இரண்டு கட்சி. பிறகு ஒரே கரையில் இரண்டு சங்கம், இரண்டுக்கும் ஒழுங்கான மீட்புப் படகு இல்லை.

சரி, நிற்கலாமா என்று கேட்டீர்கள். இந்த வருடம் செயலாளருக்கு நிற்காதீர்கள். அவரைத் தோற்கடித்தால் சாவியைத் தருவார், வேறொன்றும் தரமாட்டார். யாரிடம் படகு கேட்பது, வெளிநாட்டில் யாருக்கு எழுதினால் பதில் வரும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. உதவிச் செயலாளராகப் போங்கள். போன முதல் வாரமே பெற்றோல் கானைக் கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் பொதுக்கூட்டத்தில் கேட்க உங்களிடம் ஒரு நேரான கேள்வி இருக்கும். தந்தால் — அனேகமாகத் தருவார், களைத்துப்போன மனிதர் — இன்னொரு பெடியனிடம் அங்கிகளையும் மூன்றாமவரிடம் கடிதங்களையும் கொடுக்கச் சொல்லுங்கள். கடிதங்கள் அவருடைய சொந்த மின்னஞ்சலில் இருந்தால் சங்கத்தின் பெயரில் ஒன்று திறந்து மாற்றிவிடுங்கள். ஒருவர் இரண்டு தவணைக்கு மேல் ஒரே பதவியில் இருக்கக்கூடாது என்று சங்க யாப்பில் (விதிகளில்) ஒரு திருத்தத்தை அடுத்த வருடம் கொண்டுவாருங்கள். இப்போது கொண்டுவந்தால் அவர் ஒருவருக்காகவே எழுதியதுபோல் இருக்கும், அது மரியாதையில்லை.

கோரம் பெரிய விசயமே இல்லை. மண்டபத்துக்கு வராதவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள்தானே? பலகைகளைக் கரையேற்றிய கையோடு அங்கேயே கூட்டத்தை வையுங்கள். ஆனால் யாப்பில் சொன்னபடி முன்கூட்டியே எழுத்தில் அறிவித்தல் போக வேண்டும். வங்கியில் கையெழுத்துக்காரரை மாற்றக் கூட்டத் தீர்மானத்தின் பிரதி கேட்பார்கள். அதை அன்றைக்கே எழுதி, தலைவரிடம் ஒப்பம் வாங்கிவிடுங்கள்.

அன்புடன்,
அண்ணா