“க்ரீம் மாதிரியேதான், ஆனால் அதைவிட மோசம்!”

‘பிளாக் சபாத்’ என்ற இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழுவின் பாடகர் ஒஸி ஒஸ்போர்ன் 2025 ஜூலை 22ஆம் திகதி காலமான நாளிலிருந்து, இந்தக் கேள்வி பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் இராகக் கேள்விகள் குறைந்து ‘பிளாக் சபாத்’ கேள்விகள் கூடிவிட்டன. ஆசிரியர் கொஞ்சம் முழிக்கிறார். எனக்குச் சந்தோசம்தான். திருகோணமலையில் கசெற் பதிந்து கொடுத்துச் சோறு தின்றவன் நான். துறைமுகத்துக் கப்பல்காரர் ஒருவர் விட்டுப்போன அவர்களின் முதல் ஆல்பத்தின் தட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நடுவில் வேர்டிகோ கம்பனியின் கறுப்பு வெள்ளைச் சுழல். தட்டு சுற்றும்போது அதையே பார்த்துக்கொண்டிருந்தால் தலை சுற்றும். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

ஐயா, என் மகன் ஏ.எல். படிக்கிறான். கறுப்பு உடுப்புப் போட்ட ஒரு பெண் பாழடைந்த வீட்டுக்கு முன்னால் நிற்கிற படத்தை அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறான். இது சாத்தானைக் கும்பிடுகிற கூட்டம் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. படத்தைக் கிழிக்கட்டுமா?
— ஒரு அம்மா, உப்புவெளி

கிழிக்க வேண்டாம், தங்கச்சி. அது பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்து உறைப் படம். பேய் வீடும் இல்லை. இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றங்கரையில், மேப்பிள்டர்ஹாம் என்ற ஊரில் உள்ள பழைய மா அரைக்கும் தண்ணீர் ஆலை. நிற்பது லூயிசா லிவிங்ஸ்டன் என்ற மொடல் பெண். படம் எடுத்தவர் கீத் மக்மிலன். நிறம் கெட்டுப்போன மாதிரி ஒரு இளஞ்சிவப்புத் தெரிகிறதே, அது அகச்சிவப்பு ஃபிலிம் செய்கிற வேலை.

உறையை விரித்தால் உள்ளே ஒரு தலைகீழ்ச் சிலுவை இருக்கும். அக்கா அதைத்தான் சொல்கிறார் என்றால், அது கம்பனி தன்பாட்டில் போட்டது. வாசித்த பையன்களுக்கே பிடிக்கவில்லை. பாட்டு வரிகளை அதிகம் எழுதிய கீஸர் பட்லர் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை. ஒஸியின் அப்பா உலோகத்தில் சிலுவை செய்து நாலு பேர் கழுத்திலும் போட்டுவிட்டார். குழுவின் பெயர்கூட, போரிஸ் கார்லோஃப் நடித்த 1963ஆம் ஆண்டுப் பேய்ப்படத்தின் ஆங்கிலத் தலைப்பு. அந்த ஆல்பத்தின் முதல் பாட்டில் ஒருவன் கறுப்பு உருவமொன்றைக் கண்டு கடவுளே காப்பாற்று என்று கெஞ்சுகிறான். சாத்தானைக் கும்பிடுகிறவன் ஏன் அப்படிக் கத்தப்போகிறான்?

நீங்கள் கவனிக்க வேண்டியது ஹெட்போன் சத்தத்தை. கையெட்டும் தூரத்தில் நின்று சாதாரணமாகப் பேசினால் அவனுக்குக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அப்போது சண்டை பிடியுங்கள்.

அந்த முதல் பாட்டில் ‘சாத்தானின் சுரம்’ ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்களே? நம் இசையில் அதற்கு இடம் உண்டா?
— சங்கீத ஆசிரியை, பாலையூற்று

இடம் இல்லாமலா? குழுவின் கிற்றார்காரர் டோனி ஐயோமி வாசிப்பது மூன்றே சுரம்: ஜீ, மேல் ஜீ, பிறகு இடையில் இறங்கி சீ ஷார்ப். ஜீயை ஆதார சட்ஜமாக வைத்துப் பாருங்கள், ரீச்சர். ச, மேல் ச, பிரதி மத்திமம். அவ்வளவுதான். 72 மேளகர்த்தா என்கிற தாய் இராகங்களில் பின்பாதி 36க்கும் மத்திமம் அதுதான். கோனேசர் கோயிலில் நாதஸ்வரக்காரர் கல்யாணி இராகத்தை எடுத்தால் அதே சுரத்தைக் கேட்டு நாங்கள் கண்ணை மூடித் தலையாட்டுகிறோம். ஒருவருக்கும் பேய் பிடித்ததில்லை.

அப்படியானால் அந்தப் பாட்டில் மட்டும் ஏன் முதுகு சில்லிடுகிறது? கல்யாணியில் பிரதி மத்திமம் பஞ்சமத்தைப் போய்த் தொட்டுவிடும்; காது ஆறுதல் அடையும். ஐயோமி பஞ்சமத்துக்கு விடுவதில்லை. பிரதி மத்திமத்தில் நின்று விரலால் நடுங்க வைத்துவிட்டுத் திரும்பவும் கீழ் சட்ஜத்துக்கு வந்துவிடுகிறார். அதுவும் எவ்வளவு மெதுவாக! முன்னால் மழைச் சத்தமும் கோயில் மணியும் வேறு; அவை பிறகு சேர்த்தவை. பட்லர் அந்த நாட்களில் ஹோல்ஸ்ட் என்ற ஆங்கில இசையமைப்பாளரின் ‘மார்ஸ்’ பகுதியை பேஸ் கிற்றாரில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், வித்து அங்கேதான் விழுந்தது. வகுப்பில் சுருதிப்பெட்டியை வைத்து, பஞ்சமத்தை மூடிவிட்டு வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

நாங்கள் நாலு பேர் ஒரு மெட்டல் பாண்ட். ஐந்து பாட்டுப் பதிந்து வெளியிட்டோம். கொழும்பில் ஒருவர் ‘பழைய பாண்டுகளின் மட்டமான நகல்’ என்று எழுதிவிட்டார். பிளாக் சபாத்தையும் முதலில் இப்படித்தான் திட்டினார்களாமே? பென்டிரைவ் அனுப்பியிருக்கிறோம்.
— தம்பிமார் நால்வர், லிங்கநகர்

திட்டினார்கள், தம்பிமார். ஆனால் திட்டு வாங்கிய எல்லாரும் பிளாக் சபாத் ஆகவில்லை, அதையும் ஞாபகம் வையுங்கள்.

1970 பெப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, பிரித்தானியாவில் தட்டு வந்தது. ஜூனில் அமெரிக்காவில் வந்தது. ‘ரோலிங் ஸ்டோன்’ என்ற அமெரிக்க இசை இதழில் விமர்சகர் லெஸ்டர் பாங்ஸ் கிழி கிழியென்று கிழித்தார். நான் மேலே தலைப்பில் போட்டிருப்பது அவர் சொன்னதுதான். க்ரீம் என்பது எரிக் கிளாப்டன் இருந்த மூவர் குழு, 1968இல் கலைந்துவிட்டது. இன்னொரு விமர்சகர் ரொபர்ட் கிறிஸ்ட்கோவும் விடவில்லை, அவர் பங்குக்கு அடித்தார். ஆனால் சனம் வாங்கியது. பிரித்தானியாவில் 8ஆம் இடம், அமெரிக்காவில் 23ஆம் இடம். ‘ரோலிங் ஸ்டோன்’ 2003இல் 500 சிறந்த ஆல்பங்கள் என்று பட்டியல் போட்டபோது இதையும் சேர்த்துக்கொண்டது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பாங்ஸை முட்டாள் ஆக்கிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அவர் சொன்னதில் பாதி சரி. கடைசியில் வரும் ‘வோர்னிங்’ பாட்டைக் கேளுங்கள். இன்னொருவர் பாட்டு, பத்து நிமிடத்துக்கு மேல், நடுவில் கிற்றார் போக்கிடம் தெரியாமல் அலையும். அந்த இடத்தில் இவர்கள் அன்றைய இங்கிலாந்தின் பல ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பழைய இசை) குழுக்களில் ஒன்றுதான். ‘ஈவில் வுமன்’ அமெரிக்காவின் க்ரோ குழுவுடைய பாட்டு. தனித் தட்டாக முதலில் விட்டார்கள், ஏறவேயில்லை. பாங்ஸின் கையில் இருந்த அளவுகோல் ப்ளூஸ் அளவுகோல். அதை வைத்து முதல் பாட்டை அளக்க முடியாது. அதில் புதிதாக ஒன்று நடந்திருந்தது, அவர் காது அன்றைக்கு அதைப் பிடிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அவரே இவர்களைப் பற்றி அக்கறையோடு நீளமாக எழுதினார்.

இனி உங்கள் பென்டிரைவ். முதல் நாலு பாட்டும் ஆங்கிலம். கொழும்புக்காரர் சொன்னது அந்த நாலுக்கும் பொருந்தும், கோபிக்க வேண்டாம். ஆனால் ஐந்தாவது? தமிழில் பாடி, ட்ரம்ஸ் ஏழு எண்ணிக்கை மிஸ்ர சாபு தாளத்தில் மெதுவாக வருகிறதே, கிற்றார் அந்த ஏழுக்குள் ஒரு அட்சரம் பிந்தி விழுகிறதே, அது எவருடைய நகலும் இல்லை. அதைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. நாலாவது பாட்டிலேயே நிறுத்தியிருப்பார். அடுத்த முறை அதை முதலில் போடுங்கள்.

இன்னொன்று. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிந்து கணினியில் ஒட்டியிருக்கிறீர்கள், நன்றாகவே தெரிகிறது. பிளாக் சபாத்காரர் 1969 ஒக்டோபர் 16 அன்று லண்டன் ரீஜன்ட் சவுண்ட் ஸ்டூடியோவில், நாலு ட்ராக் நாடாவில், ஏறக்குறைய பன்னிரண்டு மணிநேரத்தில் முழு ஆல்பத்தையும் பதிந்தார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரே நேரத்தில் வாசித்தார்கள்; ஒஸி மட்டும் பக்கத்துச் சின்ன அறைக்குள் நின்று பாடினார். முதலில் பதிந்த பாட்டு முடிந்ததும் ஐயோமியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிற்றாரில் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தம்) செத்துப்போனது. கையிலிருந்த எஸ்.ஜி. என்ற இன்னொரு வகைக் கிற்றாரை எடுத்து மிச்சத்தை வாசித்தார். பிறகு காலமெல்லாம் எஸ்.ஜி.தான். தயாரிப்பாளர் ரொட்ஜர் பெயின் பெரிதாக ஒன்றும் தடுக்கவில்லை. ஒரு நாளில் எப்படி முடிந்தது என்றால், ஜெர்மனியில் ஹம்பர்க் ஸ்டார் கிளப் மாதிரியான இடங்களில் ஒரே நாளில் பல தடவை மேடையேறி அந்தப் பாட்டுகளைத் தேய்த்து வைத்திருந்தார்கள். நீங்கள் எத்தனை மேடை ஏறினீர்கள்? ஒரு கல்யாண மண்டபம், ஒரு பள்ளிக்கூட விழா என்று எழுதியிருக்கிறீர்கள். உப்புவெளிக் கடற்கரை ஹோட்டல்களில் சீசன் நேரம் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் வாசியுங்கள்.

முதலில் எந்தப் பாட்டைக் கேட்பது?
— மாணவி, சீனக்குடா

‘என்.ஐ.பி.’ பேஸ் கிற்றார் தனியாகத் தொடங்கும். ஃபோன் ஸ்பீக்கரில் போட்டால் அதில் பாதி கேட்காது, நல்ல ஹெட்போன் ஒன்று இரவல் வாங்குங்கள்.

ஐயா, ஐயோமிக்கு இரண்டு விரல் நுனி இல்லை என்பது உண்மையா? என் இடது கையில் பழைய காயம், மோதிர விரல் மடங்காது. கிற்றார் பழகலாமா?
— கடற்றொழில் செய்பவர், நிலாவெளி

உண்மை. பதினேழு வயதில் பர்மிங்ஹாம் தகரத் தொழிற்சாலையில் வேலையை விடுகிற கடைசி நாள், இயந்திரம் வலது கை நடுவிரலினதும் மோதிர விரலினதும் நுனியை எடுத்துவிட்டது. அவர் இடக்கை வாசிப்பாளர் என்பதால் கம்பியை அழுத்துகிற கையே அதுதான். தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவர் கிற்றார் மேதை ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார். நெருப்பில் கை கருகி இரண்டு விரலால் வாசித்தவர் ஜாங்கோ. ஐயோமி பிளாஸ்டிக் போத்தலை உருக்கித் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி விரலில் மாட்டிக்கொண்டார். மெல்லிய கம்பி அப்போது கிடைக்காததால் பாஞ்சோக் கம்பியைக் கட்டினார்.

நீங்களும் பழகலாம். உங்களுக்கு இன்று அந்தப் பாடு இல்லை. ‘எட்டு’ (முதல் கம்பியின் தடிப்பு, அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டு) என்று கேட்டால் எலெக்ட்ரிக் கிற்றாருக்கு நல்ல மெல்லிய கம்பி செட் தருவார்கள். திருகோணமலையில் இல்லாவிட்டால் கொழும்பில் எடுப்பிக்கலாம். ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள், நிலாவெளிக் காற்றுக்குச் சீக்கிரம் துரு ஏறும். வாசித்து முடிந்ததும் காய்ந்த துணியால் துடைத்து, கிற்றாரைப் பெட்டிக்குள் வையுங்கள்.