பேண்டு வாத்தியார் பதில்கள்

கேள்வி: மகன் பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறான். ஆண்டு விழாவுக்கு ‘ஸீ ஷாண்டி’ என்று ஒரு மாலுமிப் பாட்டு கொடுத்திருக்கிறார்கள். குடிகார மாலுமியை விடியற்காலையில் என்ன செய்வது என்று கேட்கிற பாட்டாம். எனக்கு அணிவகுப்பு மாதிரிதான் கேட்கிறது. கடலே இல்லையே?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: உங்கள் காதில் கோளாறு இல்லை அம்மா. பாய்மரக் கப்பலில் வேலை நடக்கப் பாடியதுதான் ஷாண்டி. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாய் ஏற்றும்போது, வாங்கிப் பாடுகிற அடியில் அழுத்தம் விழுகிற சொல்லில்தான் கயிற்றை இழுப்பார்கள். உங்கள் மகனுடையது வேறு வகை: கயிற்றைப் பிடித்தபடி கப்பல் தளத்தில் தடதடவென்று நடப்பதற்கான பாட்டு. பேண்டுக்கு வந்தால் அணிவகுப்பாக ஆகாமல் என்ன செய்யும்?

ஆங்கில இசையமைப்பாளர் மால்கம் ஆர்னால்ட் 1943-ல் ஐந்தே ஊதுவாத்தியங்களுக்கு எழுதிய மூன்று ஷாண்டிகளில் முதலாவதும் இதே பாட்டுதான். இன்னொரு ஆங்கில இசையமைப்பாளர் ரால்ஃப் வான் வில்லியம்ஸ் 1923-ல் ராணுவ பேண்டுக்கு எழுதிய ‘ஸீ சாங்ஸ்’ வேறு சரக்கு. அதில் இருப்பவை கடலோடிகளைப் பற்றிய பாட்டுகள், கயிறு இழுக்கிற பாட்டுகள் அல்ல. நம் பேண்டுக்காரர்களே இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள்.

நான் முப்பது வருஷம் யூபோனியம் என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியம் ஊதியவன். இந்த விஷயம் எனக்குப் புரிந்தது நொச்சிக்குப்பத்து மணலில். கரைவலை இழுப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். “சும்மா நிக்கிறியே, புடி” என்று ஒரு பெரியவர் கயிற்றைக் கையில் திணித்தார். அவர் ‘ஏலேலோ’ என்றதுமே இழுத்தேன். கயிறு அசையவில்லை, உள்ளங்கைதான் உரிந்தது. “நா சொல்லசொல்ல இஸ்க்காத நைனா. ஐலசாவுக்கு இஸு!” என்றார். அடுத்த ஐலசாவில் எல்லோரும் ஒன்றாகப் பின்னால் சாய, வலை ஒரு முழம் கரைக்கு வந்தது.

மறுநாள் ஒத்திகையில் நாங்கள் வாசிக்கிற ஷாண்டியின் இசைத்தாளைப் பார்த்தேன். தனியாக வருகிற கார்னெட் (டிரம்பெட் மாதிரி ஒரு வாத்தியம்) அடி எடுத்துக் கொடுக்கிறது. பதில் சொல்கிற நாங்கள்தான் கயிறு இழுக்கிறவர்கள். அதுவரை பதிலைக் குதிரை மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தோம். (ஒரு கல்யாணத்தில் அந்த வேகத்துக்கு மாப்பிள்ளை கார் டிரைவரே பயந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.)

மகனுடையது நடக்கிற பாட்டானாலும் அவனிடம் சொல்லுங்கள்: பதில் அடிக்கு முன்னால் முழு மூச்சு, முதல் சுரத்தில் உடம்பின் பாரம், வேகம் கொஞ்சம் கம்மி. ஒருமுறை வாத்தியத்தை வைத்துவிட்டு, அந்த இடத்தில் ‘ஐலசா’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். வாத்தியார் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: கடற்கரையில் வாசித்தால் கிளாரினெட் கெடுமா?
– வாசகர், பட்டினப்பாக்கம்

பதில்: ஈரத்தில், ஓட்டையை மூடுகிற மெத்தையான பேடு உப்பிவிடும், அப்புறம் ஓட்டை சரியாக மூடாது. உப்புக்காற்றில் சாவிகளும் கறுக்கும். வாசித்ததும் உள்ளே வெளியே துடைத்துப் பெட்டியில் வையுங்கள். பஜ்ஜி தின்ற கையோடு தொட வேண்டாம்.