வடிவமைக்கும் முன் ஒரு வருடம் ஹவுஸ்கீப்பிங்

அன்புள்ள அம்மா,

மகள் பிளஸ் டூவில் வணிகவியல் படிக்கிறாள், இன்டீரியர் டிசைன் படித்துவிட்டு காரைக்குடிப் பக்கம் இருக்கும் உங்கள் பூர்வீக வீட்டை ஹோம்ஸ்டேயாக்கி நடத்த ஆசைப்படுகிறாள், "இதெல்லாம் சோறு போடுமா" என்று வீட்டில் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சோறு போடும். ஆனால் அவள் ஆசைப்படுவது ஒரு தொழில் அல்ல, இரண்டு. வடிவமைப்பு ஒன்று, விருந்தினரைப் பார்த்துக்கொள்வது இன்னொன்று. ஒன்றைப் படித்தால் மற்றது தானாக வந்துவிடாது.

முதலில் படிப்பு. இயற்பியலும் கணிதமும் எடுக்காததால் பி.ஆர்க். என்ற கட்டடக்கலைப் பட்டத்தின் வழி அவளுக்கு இல்லை. வருத்தப்பட வேண்டாம். 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ளத்தான் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும், இன்டீரியர் டிசைனருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆமதாபாத் என்.ஐ.டி.யில் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) ஃபர்னிச்சர், இன்டீரியர் டிசைனுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அதன் நுழைவுத் தேர்வை எந்தக் குரூப் மாணவரும் எழுதலாம். போட்டி கடுமை, அதனால் இங்குள்ள கல்லூரிகளுக்கும் விண்ணப்பித்து வைக்கட்டும்.

பதிவு கட்டாயமில்லை என்பதாலேயே சில மாதங்களில் சான்றிதழ் தரும் நிலையங்களும் நிறைய முளைத்திருக்கின்றன. பணம் கட்டும் முன் அவர்களுடைய மாணவர்களின் வொர்க்கிங் டிராயிங்கை, அதாவது அளவு குறித்த வேலை வரைபடத்தை, கேட்டு வாங்கிப் பாருங்கள். பளபளக்கும் 3டி படத்தை யாரும் காட்டிவிடுவார்கள். ஆசாரி கையில் கொடுத்தால் மறுகேள்வி இல்லாமல் அறுக்கும்படி ஒரு அலமாரியை வரையத் தெரிகிறதா? எட்டடிக்கு நாலடி பிளைவுட்டில் எத்தனை துண்டு வரும், எவ்வளவு வீணாகும், ஈரம் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட் ஏன் வேண்டும் என்று சொல்லத் தெரிகிறதா? அதுதான் படிப்பு.

பட்டம் முடித்ததும் நேராக டிசைன் ஸ்டூடியோவுக்கு அனுப்பாதீர்கள். ஒரு வருடம் ஏதாவது ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் பிரிவில் வேலை பார்க்கட்டும். இதைச் சொன்னால் பெற்றோர் முகம் சுருங்குகிறது, எனக்குத் தெரியும். ஆனாலும் அழுத்தமாகவே சொல்கிறேன். போன வருடம் ஒரு விடுதியில் தங்கினேன். அறை அவ்வளவு அழகு. கட்டிலுக்கும் தரைக்கும் நான்கு விரல் இடைவெளிதான். துடைப்பமும் போகாது, கையும் போகாது. குனிந்து பார்த்தால் உள்ளே பஞ்சு பஞ்சாகத் தூசி. அந்தக் கட்டிலை வரைந்தவர் ஒரு நாளாவது அறையைப் பெருக்கியிருந்தால் அப்படி வரைந்திருக்க மாட்டார்.

ஒரு கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு வேண்டும்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். அந்த அலமாரிக்கு இடம் விடாமல் எத்தனை விடுதிகள் கட்டுகிறார்கள்! உங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல் பாவியிருக்கும். அது சிமென்ட்டும் மணலும் வண்ணமும் சேர்த்துக் கண்ணாடி மேல் வார்ப்பது, சூளையில் சுடுவதில்லை. குளியலறை ஆசிட்டைத் தெரியாமல் ஊற்றினால் அது அரித்துவிடும். இதை வேலையாளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவள் உங்கள் மகள்தான்.

விருந்தோம்பல்தான் அவளுக்கு முதல் விருப்பம் என்று தெரிந்தால், வழியைத் திருப்பிப் போடலாம். ஹோட்டல் நிர்வாகப் படிப்புக்கான என்.சி.எச்.எம். நுழைவுத் தேர்வு எழுதி, சென்னை தரமணியில் உள்ள ஐ.எச்.எம். போன்ற கல்லூரியில் படித்துவிட்டு, டிசைனைப் பிறகு கற்கலாம். அதற்கும் வணிகவியல் தடையில்லை.

அப்புறம் பணம். இன்டீரியர் வேலையில் வாடிக்கையாளரின் அட்வான்ஸ் முதலில் வரும். விடுதியிலோ நம் கைப்பணம் முதலில் போகும், வருமானம் மெதுவாகத்தான் திரும்பும். அதுவும் செட்டிநாட்டில் மார்கழி, தை மாதங்களில் வரும் கூட்டம் சித்திரை வெயிலில் இருக்காது. ஒருவர் வீட்டுக்கு அலமாரி செய்ய வாங்கிய அட்வான்ஸை எடுத்துத் தன் விடுதிக் கூரைக்குப் போட்டால் இரண்டும் கவிழும். முதல் நாளிலிருந்தே இரண்டு வங்கிக் கணக்கு, இரண்டு கணக்குப் புத்தகம் வேண்டும்.

வீட்டைப் பற்றி ஒன்று. பூர்வீக வீடு என்றால் பங்காளிகள் எத்தனை பேர்? எல்லாருடைய சம்மதமும் எழுத்தில் வேண்டும், வாய்ச்சொல் போதாது. விடுதி ஓடத் தொடங்கிய பிறகுதான் பங்கு ஞாபகம் வரும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் ஆறு அறைகள், பன்னிரண்டு படுக்கைகள் வரைதான் அனுமதி. வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்கவும் வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும்.

நம்பிக்கைக்கு உங்கள் ஊரிலேயே பாருங்கள். மீனாட்சி மெய்யப்பன் தங்கள் குடும்பத்தின் பங்களாவை 1999இல் 'தி பங்களா' என்ற ஹோட்டலாக்கினார். இன்று அங்கே போகிறவர்கள் அறையைப் பற்றிப் பேசும் அளவுக்கு வாழையிலைச் சாப்பாட்டைப் பற்றியும் பேசுகிறார்கள். உங்கள் வீட்டுச் சமையல் உங்கள் கையில் இருக்கிறது, அதையும் மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

தேர்வு முடிந்ததும் பூர்வீக வீட்டுக்கு அவளை ஒரு வாரம் அனுப்பி வையுங்கள். ஒரே ஒரு அறையை அவளே டேப் பிடித்து அளந்து, வரைந்து, தினமும் கூட்டித் துடைத்து, விரிப்பு மாற்றட்டும். எத்தனை நிமிடம் ஆனது, எங்கே கை எட்டவில்லை என்று நோட்டில் குறிக்கட்டும். அந்த நோட்டோடு என்னைப் பார்க்க வரச் சொல்லுங்கள். எந்தக் கல்லூரி என்று உட்கார்ந்து பேசலாம்.