இறக்கம் என்று பெயர், ஏறியதோ நெஞ்சுக்குள்: பிறந்த குழந்தையின் உதரவிதான ஓட்டை பற்றி வாசகர் கேள்விகள்

குழந்தைகளின் குடலிறக்கம் (ஹெர்னியா) பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். அதற்கு மும்பையின் பல மூலைகளிலிருந்தும் கடிதங்கள் வந்தன. அவற்றில் பாதி நான் எழுதாத ஒரு ஹெர்னியாவைப் பற்றியவை. தொடையிடுக்கில் இறங்குகிற சாதாரணக் குடலிறக்கத்துக்கும் இதற்கும் பெயர் மட்டுமே ஒன்று.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசைக்கு ஆங்கிலத்தில் டயாப்ரம், தமிழில் உதரவிதானம் என்று பெயர். உதரம் வயிறு, விதானம் மேலே கட்டும் கூரை. அந்தக் கூரையில் பிறவியிலேயே ஓட்டை விழுந்திருந்தால் குடல், இரைப்பை, மண்ணீரல், சில குழந்தைகளுக்குக் கல்லீரலும்கூட நெஞ்சுக்குள் ஏறிவிடும். ஹெர்னியாவுக்கு ‘இறக்கம்’ என்று பெயர் வைத்தவர் இதைப் பார்த்திருக்கமாட்டார். ஏறத்தாழ 3000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது.

எனக்கு 21 வாரம் டாக்டரம்மா. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘இடது பக்க டயாப்ரமாட்டிக் ஹெர்னியா, இரைப்பை நெஞ்சில், கல்லீரல் வயிற்றில், நுரையீரல் அளவு எதிர்பார்த்ததில் 42 சதவீதம்’ என்று இருக்கிறது. கலைத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு. என்ன செய்வது? – செம்பூர் வாசகி

ரிப்போர்ட்டை ஒவ்வொரு வரியாகப் பார்ப்போம் அம்மா.

இடது பக்கம் என்பது வழக்கமானதுதான். இந்தக் குறை உள்ள குழந்தைகளில் 100-க்கு 80, 85 பேருக்கு இடப்பக்கம்தான் ஓட்டை. ஸ்கேன் திரையில் இரைப்பை ஒரு கறுப்புக் குமிழ் மாதிரி தெரியும். இதயத்துக்குக் கீழே இருக்கவேண்டிய அந்தக் குமிழ் இதயத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இதயத்தை வலப்பக்கம் தள்ளியிருக்கும். ஸ்கேன் பார்ப்பவருக்கு முதலில் சந்தேகம் தட்டுவது பெரும்பாலும் இதனால்தான்.

‘கல்லீரல் வயிற்றில்’ என்பதுதான் உங்கள் ரிப்போர்ட்டிலேயே நல்ல வரி. கல்லீரலும் மேலே ஏறியிருந்தால் நுரையீரலுக்கு இடம் இன்னும் குறைந்திருக்கும்.

அடுத்தது அந்த 42. ஓட்டைக்கு எதிர்ப்பக்க நுரையீரலை அளந்து, தலைச் சுற்றளவோடு ஒப்பிட்டு, அந்த வாரத்துக் குழந்தைக்கு இருக்கவேண்டிய அளவில் இது எத்தனை சதவீதம் என்று கணக்கிடுகிறார்கள். 25-க்குக் கீழே போனால் கடுமை. 25 முதல் 35 வரை நடுத்தரம். 35-க்கு மேல், கல்லீரலும் கீழேயே இருந்தால், இலகுவான பிரிவு. உங்களுடையது அதில்தான் வருகிறது. பிறந்தபின் ஒன்றும் ஆகாது என்று இதற்கு அர்த்தமில்லை. நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த எண்ணைவிட இரண்டு பரிசோதனைகள் முக்கியம். ஒன்று, கருவின் இதயத்துக்கான எக்கோ. இன்னொன்று, பனிக்குட நீரை எடுத்து குரோமோசோம் பார்ப்பது. ஓட்டை மட்டும் இருக்கிற குழந்தையின் கதை வேறு, கூடவே இதயக் குறையோ 18-ஆம் குரோமோசோம் கூடுதலாகவோ இருக்கிற குழந்தையின் கதை வேறு. நீர்ப் பரிசோதனையின் முழு முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதனால் இந்த வாரமே போங்கள். 2021-ல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி, கருவில் குறை என்றால் 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் ஒப்புதல் போதும். அதைத் தாண்டினால் மாநில மருத்துவ வாரியம் பார்த்து, குறை பெரியது என்று சொன்னால்தான் முடியும். முடிவெடுக்கவேண்டியவர்கள் நீங்களும் உங்கள் கணவரும். ஆனால் அதற்கு முன் ஒரு குழந்தை அறுவை மருத்துவரிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஸ்கேன் சென்டர் வாசலில் நின்று எடுக்கிற முடிவாக அது இருக்கக்கூடாது.

குழந்தை பிறந்து மூன்று நாள் ஆச்சு. வென்டிலேட்டரில் இருக்கு. ஓட்டை இருக்குன்னு முதல் நாளே சொல்லிட்டாங்க, ஆனா இன்னும் ஆபரேஷன் பண்ணலை. கேட்டா ‘ஸ்டேபிள் ஆகட்டும்’னு இழுத்தடிக்கிறாங்க. வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா? ஆபரேஷன்ல என்னதான் பண்ணுவாங்க? – தாராவியிலிருந்து ஒரு தகப்பன்

இருங்கள் தம்பி, குழந்தையை நகர்த்தாதீர்கள். கேட்டவரை உங்கள் டாக்டர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள்.

உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் இதே கேள்விதான் கேட்பார்கள். ஓட்டை தெரிகிறது, தைக்க ஆள் இருக்கிறது, அப்புறம் ஏன் தாமதம்? 1980-கள் வரை டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தோம். பிறந்த கையோடு, நடுராத்திரி என்றாலும் மேசையில் ஏற்றிவிடுவார்கள். ஓட்டை அழகாக மூடியிருக்கும், குழந்தை சில மணி நேரத்தில் மோசமாகும். பிறகுதான் உறைத்தது. குழந்தையைக் கொல்வது ஓட்டை இல்லை. மாதக்கணக்கில் குடல் அழுத்தியதால் நுரையீரல் வளரவே இல்லை. அதன் ரத்தக் குழாய்களும் தடித்து இறுகிக் கிடக்கின்றன. ஓட்டையைத் தைத்த மறுநிமிடம் நுரையீரல் வளர்ந்துவிடாது. குழாய்கள் தளர்ந்து ரத்த ஓட்டம் நிலைக்கு வந்தபிறகு கத்தி வைத்தால்தான் குழந்தை தாங்கும்.

உள்ளே விடும்போது ஒன்றைக் கவனியுங்கள். குழந்தையின் வலது கையில் ஒன்றும் காலில் ஒன்றுமாக இரண்டு சிவப்பு விளக்கு சென்சார் கட்டியிருப்பார்கள். மானிட்டரில் இரண்டு எண் ஓடும். கையில் 92, காலில் 80 என்று இடைவெளி இருந்தால், நுரையீரலுக்குள் போகமுடியாத ரத்தம், ஆக்சிஜன் ஏறாமலே குறுக்கு வழியில் உடம்புக்குப் போகிறது என்று பொருள். அந்த இடைவெளி குறையக் குறைய ஆபரேஷன் நெருங்குகிறது. கையில் 85-லிருந்து 95-க்குள் எண் நிற்க வேண்டும், அதுவும் வென்டிலேட்டரில் ஆக்சிஜன் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது. ரத்த அழுத்தம் நிலைக்க வேண்டும், மூத்திரம் ஒழுங்காகப் போக வேண்டும். இவ்வளவும் கூடிவர இரண்டு நாளும் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம். எண் ஏன் 100 இல்லை என்று நர்ஸிடம் சண்டை போடாதீர்கள். 100-க்காக வென்டிலேட்டர் அழுத்தத்தைக் கூட்டினால் அந்தச் சின்ன நுரையீரல் கிழிந்துபோகும்.

ஆபரேஷன் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். இடது விலா எலும்புக்குக் கீழே குறுக்காகக் கீறி, நெஞ்சிலிருக்கும் குடலை மெதுவாகக் கீழே இழுப்போம். மண்ணீரல்தான் கடைசியில் வரும், தொட்டால் கிழியக்கூடியது, நானெல்லாம் அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். ஓட்டை சின்னதென்றால் தசையோடு தசையைத் தைத்துவிடலாம். பெரிதென்றால் ஒரு செயற்கைத் துணியை ஒட்டுப்போடுவோம். டார்பாலின் கிழிந்தால் ஒட்டுப் போடுவது மாதிரிதான்.

பணத்துக்கு: ஆஸ்பத்திரியில் மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். ரேஷன் கார்டு, ஆதாரோடு இன்றே அவரைப் பாருங்கள். மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே மருத்துவ உதவித் திட்டத்தில் எது கிடைக்கும், எந்த அறக்கட்டளைக்கு எழுதலாம் என்பது டாக்டரைவிட அவருக்குத்தான் தெரியும்.

முதல் பிரசவம், அம்மா வீடு திருநெல்வேலி. ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து ஊருக்கு அனுப்புவதுதான் வழக்கம். குழந்தைக்கு இந்தக் குறை என்று தெரிந்துவிட்டது. ஊரில் நல்ல நர்சிங் ஹோம் இருக்கிறது, போகலாமா? – முலுண்ட்

வளைகாப்பை நன்றாக நடத்துங்கள். வளையல் போட்டு, புளிசாதம் தயிர்சாதம் எல்லாம் கட்டிக்கொடுத்தபிறகு, ரயிலில் அம்மாவை இங்கே வரச் சொல்லுங்கள்.

நான் பயிற்சியில் இருந்த காலத்தில், ஒரு நர்சிங் ஹோமிலிருந்து பிறந்து இரண்டு மணி நேரமான குழந்தையைக் கொண்டுவந்தார்கள். குறை இருப்பது யாருக்கும் தெரியாது. வயிறு ஒட்டிப்போய்ப் படகு மாதிரி குழிந்திருந்தது. நெஞ்சு உப்பியிருந்தது. இதயத் துடிப்பு வலப்பக்கம் கேட்டது. மூன்றும் கண்ணெதிரே இருந்தும், பதற்றத்தில் நான் முகமூடி வைத்துப் பையை அமுக்கிக் காற்றுக் கொடுத்தேன். அந்தக் காற்றில் பாதி இரைப்பைக்குப் போனது. இரைப்பை இருந்ததோ நெஞ்சுக்குள். நான் ஊத ஊத அது பலூனாகி, இருந்த கொஞ்ச நுரையீரலையும் நசுக்கியது. என் சீனியர் ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டு, மூச்சுக்குழாயில் நேரே குழாய் போட்டு, இரைப்பைக் காற்றை வேறொரு குழாயால் உறிஞ்சி எடுத்தார். அந்தக் கையடி இன்னும் நினைவிருக்கிறது.

முதல் ஐந்து நிமிடத்தில் இதைச் செய்யத் தெரிந்த ஆள் பிரசவ அறையிலேயே நிற்க வேண்டும். அதனால் பிரசவமும் பச்சிளங்குழந்தை ஐ.சி.யு.வும் குழந்தை அறுவையும் ஒரே கூரையின்கீழ் இருக்கிற இடமாகப் பாருங்கள். பரேலில் வாடியா பிரசவ மருத்துவமனையும் குழந்தைகள் மருத்துவமனையும் ஒரே வளாகத்தில் இருப்பது இந்த மாதிரி நேரத்தில்தான் எவ்வளவு வசதி என்று புரியும். திருநெல்வேலியோ மும்பையோ, ஊர் முக்கியமில்லை. பிறந்தபின் ஆம்புலன்ஸில் ஏற்றவேண்டி வரக்கூடாது. இன்னொன்று, இந்தக் குறைக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. 39 வாரத்தை ஒட்டி நாள் குறித்து, சுகப்பிரசவமே பார்க்கலாம்.

கிரகணத்தன்று மருமகள் கத்தரிக்காய் நறுக்கினாள், சால் என்கிற வரிசைக் குடியிருப்பில் மாடிக்குத் தண்ணீர்க் குடம் தூக்கினாள், அதனால்தான் என்கிறார்கள். உண்மையா? – மாட்டுங்கா லேபர் கேம்ப்

இல்லை. அந்தக் கூரை மூடவேண்டியது கருவின் 8 முதல் 10 வாரத்துக்குள். பல பெண்களுக்கு அப்போதுதான் நாள் தள்ளிப்போனதே உறுதியாகியிருக்கும். குடம் தூக்கினால் அவளுக்கு முதுகு வலிக்கும், அவ்வளவுதான். அதற்காகவாவது தண்ணீரை வேறு யாராவது தூக்குங்கள்.

வயிற்றில் இருக்கும்போதே பலூன் வைத்துச் சரிசெய்கிறார்களாமே? – டோம்பிவிலி

ஓட்டையைச் சரிசெய்வதில்லை. கருவின் நுரையீரல் ஒருவித நீரைச் சுரந்து, அது மூச்சுக்குழாய் வழியே வெளியேறிக்கொண்டிருக்கும். 27 முதல் 29 வாரத்தில் தாயின் வயிற்றில் சின்னத் துளையிட்டு, கருவின் மூச்சுக்குழாயில் குட்டிப் பலூன் ஒன்றை வைத்து அடைத்தால், நீர் தேங்கி நுரையீரல் விரியும். 34 வாரத்தில் பலூனை எடுத்துவிட வேண்டும். 2021-ல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில், கடுமையான பிரிவுக் குழந்தைகளில் பலூன் வைத்தவர்களில் 40 சதவீதம் பேர் பிழைத்து வீடு போனார்கள். வைக்காதவர்களில் 15 சதவீதம். நடுத்தரப் பிரிவில் உறுதியான பலன் தெரியவில்லை. இதற்கு விலையும் உண்டு: பலூன் வைத்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் குறைமாதப் பிரசவம். பலூன் உள்ளே இருக்கும்போது வலி வந்துவிட்டால் அதை எடுக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். செம்பூர் வாசகி மாதிரி 42 சதவீதம் என்றால் இந்தப் பக்கமே போகவேண்டாம்.

குழந்தைக்கு வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்கிறார்கள். எனக்குப் பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது. மாத்திரை போட்டு நிறுத்திவிடலாமா? – சயான் கோலிவாடா

நிறுத்தவே வேண்டாம் கண்ணு. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, ராத்திரியிலும், பீய்ச்சி எடுங்கள். ஆபரேஷன் முடிந்து குடல் வேலை செய்ய ஆரம்பித்ததும் அந்தப் பால்தான் மூக்குக் குழாய் வழியே ஒரு மில்லி, இரண்டு மில்லி என்று போகும். எப்படிச் சேமிப்பது என்று ஐ.சி.யு. நர்ஸைக் கேளுங்கள். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியே உங்கள் பேட்டை சயான் மருத்துவமனையில்தான், 1989-ல், டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் முயற்சியில் தொடங்கியது.

ஏழு மாதக் குழந்தை. சளி, இருமல் என்று எக்ஸ்ரே எடுத்தபோது நெஞ்சில் குடல் இருக்கிறதாம். இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது? – கல்யாண்

இப்படியும் சிலர் உண்டு. நுரையீரல் நன்றாக வளர்ந்தபிறகு குடல் ஏறியிருக்கும், அதனால் இவர்கள் பொதுவாக நன்றாகவே தேறுகிறார்கள். ஒரே பயம், எக்ஸ்ரேயில் இரைப்பைக் காற்றைப் பார்த்து நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கட்டியிருக்கிறது என்று நினைத்து யாராவது ஊசியால் குத்திவிடுவது. உங்கள் டாக்டர் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார், கும்பிட்டுவிட்டு வாருங்கள். ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம், ஏறிய குடல் முறுக்கிக்கொள்ளலாம்.

முதல் குழந்தை இந்தக் குறையால் தவறிவிட்டது. மாமன் மகளைத்தான் கட்டியிருக்கிறேன். அடுத்ததற்கும் வருமா? – கோவண்டி

வருத்தமாக இருக்கிறது தம்பி. வேறு எந்தக் குறையும் இல்லாமல் ஓட்டை மட்டும் இருந்ததென்றால், அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு 100-ல் ஒன்று, இரண்டுதான். ஆனால் முக அமைப்பு, விரல் நுனி, நகம் இவற்றிலும் மாறுதல் இருந்ததா? ஃபிரின்ஸ் சிண்ட்ரோம் போன்ற சில நோய்கள் தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் சேர்ந்து வருபவை. அப்படியானால் ஒவ்வொரு முறையும் நான்கில் ஒன்று. சொந்தத்தில் கட்டியிருப்பதால் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. அடுத்து உண்டாவதற்கு முன்பே, முதல் குழந்தையின் பேப்பர்கள், போட்டோ எல்லாவற்றோடும் மரபியல் மருத்துவரைப் பாருங்கள்.

ஒட்டுப்போட்டு ஆபரேஷன் செய்த பையனுக்கு இப்போது ஆறு வயது. ஒல்லியாக இருக்கிறான், ஓடினால் இளைக்கிறது. ஸ்போர்ட்ஸ் டேயில் ஓட விடலாமா? – தானே

ஓடட்டும். நுரையீரல் குழந்தைப் பருவத்தில் தொடர்ந்து வளரும், ஓடுகிற பிள்ளைக்கு அது நல்லதே. இளைப்புக்கு மருந்து வேண்டுமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். எடை ஏறாததற்கு, சாப்பிட்டது மேலே எதுக்களிப்பது காரணமாக இருக்கலாம். முதுகு வளைகிறதா என்று வருடம் ஒருமுறை சட்டையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். காதையும் சோதியுங்கள். இந்தக் குழந்தைகளில் சிலருக்குக் கேட்கும் திறன் பிற்பாடு குறைவதுண்டு, ‘சொன்ன பேச்சு கேட்க மாட்டேங்கிறான்’ என்று அடி வாங்கிக்கொண்டிருப்பான்.

பையன் வளர வளர ஒட்டுத்துணி கூடவே வளராது, ஓரத்தில் பிரியலாம். பச்சையாக வாந்தி, விடாத வயிற்றுவலி, திடீர் மூச்சுத்திணறல், இவற்றில் எது வந்தாலும் மெடிக்கல் கடையில் சிரப் வாங்கிக்கொண்டு காத்திருக்காதீர்கள், நேரே குழந்தை அறுவைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் பேப்பரைப் போட்டோ எடுத்து வீட்டில் எல்லோர் போனிலும் வைத்திருங்கள், ஊரிலிருக்கும் தாத்தா போனிலும். லீவுக்கு அங்கேதானே போவான்.